மணியும் பிணியும்

மணி, மந்திரம், ஔடதம் என்னும் மூன்றனையும் பிணி நீக்குவனவாக ஒருங்கெண்ணுதல் தொன்றுதொட்ட வழக்கு. அவற்றுள் மணியைப் பற்றிய நம்பிக்கை இந்நாளில் அளவிறந்து பெருகியுள்ளது. பிறந்த திங்களுக்கு ஒரு கல், பிறந்த நாண்மீனுக்கு ஒரு கல் என மோதிரம் செய்வித்து அணிவோர் பலர். நோயுற்ற உறுப்பின்மீது படிகங்களை வைத்துக்கொண்டு மருந்தைக் கைவிடுவாரும் உளர். சைவ நன்மக்களும் இதனுட் படுதலின், இஃது ஆராயத்தக்கதாயிற்று.

திங்கள்தோறும் கல் வகுத்த அட்டவணை மேல்நாட்டினின்று வந்தது. இப்போது வழங்கும் அமைப்பை 1912-ஆம் ஆண்டில் அமெரிக்க நகை வணிகர் சங்கத்தார் கூடி ஒழுங்குசெய்தனர். முனிவர் அருளியதும் அன்று, மருத்துவர் ஆய்ந்ததும் அன்று, விற்பவர் வகுத்தது. 1967-இல் தான்சானியா நாட்டிற் கண்டெடுக்கப்பட்ட தான்சனைட்டு என்னும் கல்லை, 2002-இல் டிசம்பர்த் திங்களுக்கு உரியதாகச் சேர்த்தனர். அதற்குமுன் டிசம்பரிற் பிறந்தார் அக்கல்லின்றி எங்ஙனம் வாழ்ந்தனரோ!

நம் நாட்டுக் கோள்முறை இதனினும் பழமையுடையது. ஞாயிற்றுக்கு மாணிக்கம், சனிக்கு நீலம் என்பர். இரண்டும் பகைக்கோள்கள் ஆதலின், அவ்விரு கற்களையும் ஒருவரே அணிதல் ஆகாதென்றும் விலக்குவர். கல்லின் இயல்பை ஆய்ந்தார் கூறுவதோ வேறு. மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிப்பொருளாம்; இரண்டும் அலுமினிய ஆக்சைடே. குரோமியம் சிறிது கலப்பின் செம்மை. இரும்பும் டைட்டானியமும் சிறிது கலப்பின் நீலம். ஆங்கிலேயர் வழங்கும் கொரண்டம் என்னும் பெயரும் தமிழ்க் குருந்தத்தினின்று பிறந்ததே. ஒரு பிறப்பினவாகிய மணிகள் ஐவகையாய்ப் பொலிதலை, மதுரை மணிவீதியைக் கூறுமிடத்து இளங்கோவடிகளும் குறித்துள்ளார். உடன்பிறந்த கற்களிடைப் பகை எங்கிருந்து வந்தது?

படிகத்தைத் தொட்டவுடன் சிலிர்ப்பும் வெம்மையும் தோன்றுகின்றனவே எனின், அதனையும் சோதித்தார் உளர். இலண்டன் கோல்டுசுமித்துக் கல்லூரியைச் சார்ந்த கிறித்தோபர் பிரெஞ்சு என்பார், 80 பேரிற் பாதியர்க்கு மெய்ப்படிகமும் மற்றையோர்க்குப் போலிக்கல்லும் கொடுத்துப் பார்த்து, 2001-இல் அதன் முடிவை வெளியிட்டார். இரு சாராரும் ஒத்த உணர்ச்சிகளையே கூறினர். எனவே அவ்வுணர்ச்சி மனத்தின் செயலே. மனம் அமைதியுறுதல் நன்றுதான். அதனை நம்பி நோயாளர் மருத்துவரிடஞ் செல்லக் காலந்தாழ்ப்பின், இழப்புக் கல்லின் விலையளவில் நில்லாது.

முத்தையும் பவழத்தையும் சித்தர்கள் மருந்தாக்கினரே எனின், அவர்கள் அவற்றை நீற்றிப் பற்பமாக்கி, அளவறிந்து உண்ணக் கொடுத்தனர். அஃது ஔடதத்தின்பாற் படும். தில்லையிற் படிகலிங்கத்துக்கு நாள்தோறும் திருமுழுக்கு நிகழ்கின்றது. மாணிக்கத் திருமேனியாகிய இரத்தினசபாபதிக்கு முன்னும் பின்னும் ஒளி காட்ட, அன்பர் கண்டு உருகுகின்றனர். அவர் வணங்குவது கல்லின் ஆற்றலை அன்று. அதனை இடமாகக் கொண்டு நின்றருளும் முதல்வனையே.

படிகத்துக்குச் சித்தாந்தத்தில் உரிய இடம் பிறிதொன்று. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தில் அதனை உயிருக்கு உவமையாக்கினார். தனக்கென நிறமின்றி அடுத்த பொருளின் நிறத்தைப் படிகம் காட்டும். உயிரும் சார்ந்ததன் வண்ணமாம். அறிவற்ற கல், அறிவுடைய உயிரை நடத்தும் எனக் கருதி அதனையே சார்வார் எதன் வண்ணமாவர்? வினைப்பயனும் தானே வந்து பொருந்தாது, முதல்வன் கூட்டவே பொருந்தும். கோள்களும் அவன் ஏவல்வழி நிற்பன. விரலில் அணிந்த கல் அவ்வேவலைத் தடுக்குமெனின், கல் அவனினும் பெரிதாய் முடியும்.

திருமறைக்காட்டினின்று மதுரைக்கு எழுந்த ஞானசம்பந்தப் பிள்ளையாரைக் கோள்நிலை நன்றன்று என அப்பரடிகள் தடுத்தார். பிள்ளையார் மணி தேடினாரல்லர். கோளறு பதிகம் அருளிப் புறப்பட்டார். பின்னர் மதுரையிற் பாண்டியன் வெப்புநோயால் வெதும்பிக் கிடந்தான். கொற்கை முத்துக்கு உரிய அரசன் அவன். அவன் அரண்மனையில் மணிக்குக் குறைவேது? அவ்வெப்பைத் தணித்த நீறு, ஆலவாய்த் திருக்கோயில் மடைப்பள்ளிச் சாம்பல் என்பர்.