கைக்கெட்டும் தூரத்தில்

யெல்லோநைஃப் நகரிலிருந்து கிழக்கே போகும் இங்ரஹாம் டிரெயில் சாலை சுமார் 70 கிலோமீட்டர் ஓடி, டிப்பிட் ஏரிக்கரையில் முடிந்துவிடுகிறது. குளிர்காலத்தில் அங்கிருந்து வைரச் சுரங்கங்கள் வரை உறைந்த ஏரிகளின் மேலேயே பனிச்சாலை போட்டு லாரி ஓட்டுவார்கள். கோடையில் அதற்கு அப்பால் தண்ணீர்தான் வழி. ஒரு ஜூலை மாதம் அந்தக் கரையில்தான் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். கனடாவின் வடமேற்குப் பிரதேசத்துச் சிற்றூர்களிலிருந்து வந்திருந்த 13 முதல் 16 வயதுப் பெண்பிள்ளைகள். அவர்களைக் கனோ எனும் துடுப்புப் படகில் காட்டுக்குள் அழைத்துப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரப்போகும் தலைவிகள் மூவர். கூடவே டெனே இனத்துப் பாட்டி ஒருவர். பாட்டிக்கு மட்டும் மதிப்பூதியம் உண்டு. மற்ற மூவரும் தொண்டர்கள். ஒருவர் தெற்கே ஒன்டாரியோவில் பள்ளி ஆசிரியை, ஒருவர் நகரத்து மருத்துவமனையில் நர்ஸ், மூன்றாமவர் டிலிச்சோ சமூகத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி. துடுப்புப் போடுவது, பாத்திரம் கழுவுவது இரண்டுக்கும் தயார் என்றால் வரலாம் என்று சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பிரதேசம் தமிழ்நாட்டைவிடப் பத்து மடங்கு பெரியது. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 41,070. அதில் பாதிப்பேர் யெல்லோநைஃபிலேயே இருக்கிறார்கள். மிச்சப்பேர் முப்பத்துச் சொச்சம் ஊர்களில் சிதறிக் கிடக்கிறார்கள். ஆட்சிமொழிகள் மட்டும் 11. பல ஊர்களுக்குக் கோடையில் சாலையே கிடையாது; விமானம்தான். விக்டோரியா தீவில் இருக்கும் உலுக்ஹாக்டோக்கிலிருந்து வந்த ஒரு பெண் முதல் நாள் முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தாள். நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேட்டார். "மரம் எல்லாத்தையும் மறைக்குது. தூரத்துல என்ன வருதுன்னே தெரியல" என்றாள். மரமே இல்லாத தூந்திரத்தில் வளர்ந்த பிள்ளை. அன்று மாலையே அவளுடைய கூடாரத்தை உயரமான பாறை மேட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அங்கிருந்து ஏரி முழுவதும் தெரியும். அவள் முகமும் தெளிந்தது. பிள்ளைகள் எல்லோரையும் 'வடக்கத்திப் பிள்ளைகள்' என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது என்பது இந்த மூவருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

புறப்படுவதற்கு முந்தைய இரவு முழுக்க மூட்டை கட்டும் வேலை. இரவு என்பது பேருக்குத்தான். பதினோரு மணிக்கும் வெயில் அடிக்கிற ஊர். சாப்பாட்டுப் பொருள்கள் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களில் போகின்றன. மூடி இறுகப் பூட்டினால் தண்ணீரும் புகாது, மணமும் அவ்வளவாக வெளியே கசியாது. கருங்கரடிகள் உலவும் காட்டில் மணம் முக்கியமான விஷயம். நர்ஸ் ஒவ்வொரு பெண்ணின் படிவத்தையும் எடுத்து ஆஸ்துமா, ஒவ்வாமை, தினசரி மாத்திரை என்று சத்தமாகப் படிக்க, மற்ற இருவரும் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். யார் கையில் எது இருக்கிறது என்று மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் திகைத்து நிற்கக் கூடாது.

அடுத்து ஒரு வேலை நடந்தது. ஆண்கள் நடத்தும் முகாம்களில் இதற்கு இவ்வளவு கவனம் கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆளுக்கொரு சிறு துணிப்பை. உள்ளே நாப்கின்கள், ஈரத்துடைப்பான், வெளியே தெரியாதபடி டேப் ஒட்டிய ஜிப் கவர். காட்டில் எதையும் விட்டு வரக் கூடாது. பயன்படுத்தியதைக் கவரில் போட்டுக் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். மறுநாள் காலை ஆசிரியை இதைப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துச் சொன்னார். கூச்சம் இல்லை, குசுகுசுப்பும் இல்லை. ஒரு பெண், "மாதவிலக்கு நேரத்துல காட்டுக்குப் போனா கரடி வருமாமே?" என்று கேட்டாள். கருங்கரடிகளை வைத்து இதற்கென்றே ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள், அப்படி எந்த ஈர்ப்பும் தெரியவில்லை என்று ஆசிரியை விளக்கினார். சாப்பாட்டை மட்டும் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள் என்றார். பலருடைய தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். அந்தப் பயத்தை அவர்கள் எத்தனை நாளாகச் சுமந்திருந்தார்களோ!

துடுப்புப் போட ஆரம்பிப்பதற்கு முன் கவிழ்க்கும் பயிற்சி. கனோவை வேண்டுமென்றே கவிழ்த்துக்கொண்டு தண்ணீரில் விழ வேண்டும். வடக்கத்தி ஏரிகள் ஜூலையிலும் எலும்பைக் குத்தும். தலைவிகள் அங்கே சொல்லித்தரும் கணக்கு '1-10-1'. மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் உடல் என்ன ஆகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து பரப்பிய பாடம் அது. உறையும் நீரில் விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு அடைத்து இரைக்கும். அதை அடக்குவது மட்டும்தான் வேலை. அடுத்த 10 நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகில் ஏற வேண்டும். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். மிதவைச் சட்டை போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம் செல்லும்.

இரண்டு பெண்கள் கவிழ்ந்தார்கள். ஒருத்தி அலறினாள், மற்றவள் சிரித்தாள். மீட்க வந்த கனோவிலும் இரண்டு பெண்களே. கவிழ்ந்த கனோவின் மூக்கைப் பிடித்துத் தங்கள் கனோவின் விளிம்புக்கு மேல் குறுக்காக இழுக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் நிமிர்த்தி, மறுபடி ஏரிக்குள் தள்ளி, இரண்டு கனோக்களையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நனைந்தவர்களை ஏற்ற வேண்டும். முதல் தடவை பிடி நழுவியது. ஆசிரியையின் கனோ ஐந்தடி தள்ளி நின்றது. அவர் துடுப்பை மடியில் குறுக்கே வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தார். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. "மூச்சு எப்படி இருக்கு? என்ன பண்ணப்போறே, சொல்லு" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். நெருங்கவில்லை. இரண்டாம் தடவை கனோ நிமிர்ந்தது, பிள்ளைகள் ஏறினார்கள். கரையில் நர்ஸ் அடுப்பை முன்பே பற்றவைத்திருந்தார், வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, உலர்ந்த உடைகள் பெயர் எழுதிய பைகளில் காத்திருந்தன. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் இறங்கியிருப்பேன் என்று பிறகு ஆசிரியை என்னிடம் சொன்னார். அந்த ஒரு நிமிடம் எங்கே இருக்கிறது என்று தெரிவதுதான் இந்தத் தொழிலின் நுட்பம். அதைக் கற்க அவருக்குப் பல கோடைகள் ஆகியிருக்கின்றன.

இதே நுட்பத்தைக் கனோ சுமக்கும்போது இன்னும் கிட்டத்தில் பார்த்தேன். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே நிலம் குறுக்கிட்டால் கனோவைத் தலைகீழாகத் தோளில் ஏற்றி நடக்க வேண்டும். 30 கிலோவுக்கு மேல் கனம். நடுவில் இருக்கும் வளைந்த குறுக்குச் சட்டம் இரண்டு தோள்களிலும் பதியும். தலை முழுக்கக் கனோவுக்குள் இருப்பதால் முன்னால் நாலடிப் பாறை மட்டும்தான் கண்ணில் படும். இனுவிக்கிலிருந்து வந்த ஒல்லியான பெண் ஒருத்தி, தானே தூக்குவேன் என்று நின்றாள். கல்லூரி மாணவி ஏற்றிவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். அவள் வலதுகை கனோவின் வால்முனைக்கு ஒரு சாண் கீழே ஏந்தியபடியே போனது. பாசி படிந்த பாறை வந்தால் கை இன்னும் கொஞ்சம் உயரும். சமதரை வந்தால் தாழும். ஒரு தடவைகூடத் தொடவில்லை. முன்னால் போனவளுக்குப் பின்னால் கை இருப்பதே தெரியாது. மறுகரையில் இறக்கிவைத்ததும் அவள் திரும்பி, "நான் ஒத்தையாத் தூக்கிட்டு வந்தேன், பாத்தீங்களா!" என்றாள். கொசுக்கடியில் முகமெல்லாம் தடித்திருந்தது. மாணவி, "பாத்தேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவளும் சில ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற முகாமுக்குச் சிறுமியாக வந்தவள்தான்.

வழிநடத்துவது என்றால் முன்னால் போவது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இங்கே அனுபவம் மிக்கவர் கடைசிக் கனோவில் இருப்பார். முன்னால் போகும் கனோவில் வரைபடத்தோடு இரண்டு சிறுமிகள்.

ஆனால் சில முடிவுகளைப் பிள்ளைகளிடம் விட மாட்டார்கள். ஒரு நாள் காலையில் காற்று எழும்பி ஏரி முழுக்க வெள்ளை நுரை. பிள்ளைகள் கிளம்பத் துடித்தார்கள். ஆசிரியை ஒரே வார்த்தையில் இன்று பயணம் இல்லை என்றார். கெஞ்சல், முணுமுணுப்பு எதற்கும் அசையவில்லை. தினமும் காலையில் செயற்கைக்கோள் கருவி வழியாக வரும் காற்று நிலவரத்தோடு காட்டுத்தீ நிலவரத்தையும் கேட்டுப் பெற்றுக்கொள்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 16 அன்று, தீ நெருங்கியதால் யெல்லோநைஃப் நகரம் முழுவதையும் காலிசெய்ய உத்தரவு வந்தது. ஏறத்தாழ 20,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அதற்குப் பிறகு, வெளியேற இரண்டு வழியாவது கையில் இல்லாமல் எந்தத் தலைவியும் கரையை விட்டுக் கிளம்புவதில்லை.

காற்று நாள் பாட்டியின் நாளாகிப்போனது. முந்தின மாலை வலையில் விழுந்திருந்த வைட்ஃபிஷ் மீன்களைப் பலகையில் போட்டு, முள்ளை எடுத்து, வால் மட்டும் ஒட்டியிருக்கும்படி இரண்டாகப் பிளந்தார். சதையில் குறுக்குக் குறுக்காகக் கீறல் போட்டார். கத்தி தோல்வரை போய் நின்றுவிடும், தோலை அறுக்காது. அப்படியே கழியில் கவிழ்த்துத் தொங்கவிட்டு அடியில் புகை மூட்டினார். பிள்ளைகளிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு அவரும் சும்மா இருந்தார். சாப்பிடும் முன் முதல் துண்டுகளைத் தீக்குக் கொடுத்தார், முன்னோருக்கு. முதல் நாள் கிளம்பும்போதும் ஒரு சிட்டிகைப் புகையிலையை ஏரியில் இட்டுத்தான் கனோவில் ஏறினார்.

பாட்டி அந்தக் குழுவில் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கனடாவின் உறைவிடப் பள்ளிகளுக்குப் பழங்குடிப் பிள்ளைகள் குறைந்தது 1,50,000 பேர் அனுப்பப்பட்டார்கள் என்கிறது 2015இல் வெளிவந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை. வடக்கில் படகிலும் சிறு விமானத்திலும் வந்து பிள்ளைகளை ஏற்றிப்போனார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. பலர் திரும்பவே இல்லை. இனுவிக்கில் இருந்த கடைசி விடுதி மூடப்பட்டது 1990களில்தான். எனவே, அறிமுகமில்லாத பெண்கள் விமான டிக்கெட்டோடு வந்து உங்கள் பேத்தியைக் காட்டுக்கு அழைத்துப்போகிறோம் என்றால், அந்த ஊர்ப் பெரியவர்கள் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். தலைவிகள் இதை யோசித்திருக்கிறார்கள். அதனால்தான் பாட்டி கூட வருகிறார். வீட்டாரோடு முன்கூட்டியே பேசுகிறார்கள். ஏக்கம் பிடித்து அழும் பிள்ளையை 'தைரியமாக இரு' என்று அடக்குவதில்லை. பெச்சொக்கோவைச் சேர்ந்த ஒரு பெண் மூன்றாம் இரவில் அழுதபோது, சாட்டிலைட் ஃபோனை அவள் கையில் கொடுத்துவிட்டு நர்ஸ் தள்ளிப்போய் நின்றார். நிமிடத்துக்கு இவ்வளவு என்று பணம் கரையும் ஃபோன். யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அவள் அம்மாவோடு தன் மொழியில் பேசி முடித்தாள், தங்குவதென்று அவளே முடிவு செய்தாள். வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தாலும் அனுப்பியிருப்பார்கள். அதற்கும் ஏற்பாடு இருந்தது.

என்னை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. கடைசி மாலை ஒரு சிறுமி ஆசிரியையிடம், "அடுத்த வருஷம் வருவீங்களா?" என்று கேட்டாள். அவர் வருவதாக இருந்தார்; வருவேன் என்றார். வர முடியாது என்றால் வர முடியாது என்று சொல்ல வேண்டும், பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் பேசிவைத்த விதி. ஆனால் தெற்கிலிருந்து வரும் தொண்டர்களில் பலர் ஒரு கோடையோடு நின்றுவிடுகிறார்கள் என்று மூவருமே வருத்தத்தோடு சொன்னார்கள். ஆசிரியர்களும் டாக்டர்களும் நர்ஸ்களும் வருவதும் போவதுமாக இருக்கும் ஊர்களில் வளர்கிற பிள்ளைகள் இவர்கள். இன்னும் ஒருவர் வந்து, மனதில் இடம்பிடித்து, காணாமல் போவது உதவி ஆகாது. இந்த முகாமின் உண்மையான பலம் டிப்பிட் ஏரிக்கு மறுபடி மறுபடி வரும் ஆசிரியைகூட இல்லை என்றே நினைக்கிறேன். அந்தக் கல்லூரி மாணவிதான். முகாமுக்கு வந்த பிள்ளைகளே தலைவிகளாகும் வரை பணமும் பயிற்சியும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

கனடாவில் இருக்கும் தமிழ் வாசகர்களில் துடுப்புப் போடத் தெரிந்தவர்கள், நர்ஸ்கள், ஆசிரியைகள் நிறைய இருக்கிறீர்கள். இதுபோன்ற முகாம்களுக்கு ஆள் எப்போதும் தேவைப்படுகிறது. கானக முதலுதவிப் பயிற்சியை முடித்துவிட்டு அவர்களுக்கு எழுதுங்கள். போனால் அடுத்த கோடைக்கும் போங்கள். உங்கள் இடத்துக்கு அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைத் தயார் செய்துவிட்டு வாருங்கள்.