மார்கழியில எங்க தோப்புல முளைக்கிற ஊர்

ஹாஸ்டல்ல என் கூட இருக்கிற தோழி ஒருத்தி ஒரு வீடியோ காட்டினா. அமெரிக்காவுல அரிசோனா பக்கம் குவார்ட்ஸ்சைட்னு ஒரு சின்ன ஊராம். குளிர்காலம் வந்தா வடக்கே பனியில கிடக்கிற பெரியவங்க எல்லாம், அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் வச்ச பெரிய வண்டிகளை ஓட்டிக்கிட்டு வந்து அந்தப் பாலைவனத்துல மாசக்கணக்குல தங்குறாங்க. செப்டம்பர் நடுவுல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் தங்கிக்க அரசாங்கமே இடம் ஒதுக்கி அனுமதிச் சீட்டு கொடுக்குது. "நம்ம நாட்டுல எவன்டி இப்படி இருப்பான்?"னு கேட்டா. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அவகிட்ட சொன்னதையே இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

எங்க ஊர் ராமேஸ்வரம். வீட்டை ஒட்டி சின்னதா ஒரு தென்னந்தோப்பு. ஐப்பசி கடைசியில இருந்து மாசி வரைக்கும் அதுல மரத்தை விட பஸ்தான் அதிகமா நிக்கும். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிராவுல இருந்து வர்ற யாத்திரை பஸ்கள். வர்றவங்க பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள். கோதுமை விதைச்சு முடிச்சாச்சு, அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கு. தண்ணி பாய்ச்ச மகனையும் மருமகளையும் விட்டுட்டு பெரியவங்க கிளம்பிடுறாங்க. திருப்பதி, காஞ்சிபுரம், மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரின்னு ஒரு சுத்து. வீடு திரும்ப ஒரு மாசம் கூட ஆகும். அது வரைக்கும் அந்த பஸ்தான் வீடு.

பஸ் மேல கேரியர்ல கோதுமை மாவு மூட்டை, உருளைக்கிழங்கு, அண்டா, கேஸ் சிலிண்டர். டிக்கியில மெத்தை, போர்வை. கூடவே ஒரு சமையல்காரர், அவரை 'மகராஜ்'னு கூப்பிடுறாங்க. பஸ் நின்ன அரை மணி நேரத்துல தோப்பு ஒரு குட்டி ஊரா மாறிடும். பஸ் ஏணியில இருந்து தென்னை மரத்துக்குக் கயிறு, அதுல வரிசையா சேலை. இந்தப் பக்கம் தார்ப்பாய் விரிச்சு நாலஞ்சு பெண்கள் சப்பாத்தி தேய்ப்பாங்க. அந்தப் பக்கம் ஒரு தாத்தா பஸ் கண்ணாடியைப் பார்த்து ஷேவிங் பண்ணிக்கிட்டு இருப்பார். டிரைவர் மட்டும் பஸ்சுக்குள்ள தூக்கம், அவரை யாரும் எழுப்பக் கூடாது.

காலை நாலு மணிக்கு எல்லாம் எழுந்து கோயிலுக்குப் போயிடுவாங்க. அஞ்சு மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். அப்புறம் அக்னி தீர்த்தக் கடல்ல குளியல், அதுக்கப்புறம் கோயிலுக்குள்ள 22 தீர்த்தக் கிணறு. ஈரத்தோட மூலவர் சன்னதிக்குப் போகக் கூடாதுங்கிறதால துணி மாத்திக்கிட்டு, ஊர்ல இருந்து சுமந்து வந்த கங்கைத் தண்ணியை அபிஷேகத்துக்குக் கொடுப்பாங்க. சேதுக் கரை மணலைக் கொஞ்சம் முடிஞ்சு எடுத்துக்குவாங்க, அது திரும்ப வடக்கே போய்க் கங்கையில கரையணும். பத்து மணிக்குத் தோப்புக்கு வந்தா துவைக்கிறது, சமைக்கிறது, பிள்ளைங்களுக்குப் போன் பேசுறது. சாயங்காலம் டோலக் தட்டிப் பஜனை. ராத்திரி பாதிப் பேர் பஸ் சீட்டுல, பாதிப் பேர் பஸ்சுக்கு அடியில.

இதுல ஒரு வேடிக்கை. மார்கழியில எங்க அப்பத்தா தலையில மப்ளர் கட்டிக்கிட்டு "குளிர் கொல்லுது"ன்னு புலம்பும். தோப்புல இருக்கிறவங்க ஸ்வெட்டரை எல்லாம் மூட்டை கட்டி டிக்கியில போட்டுட்டு விசிறியால வீசிக்கிட்டு இருப்பாங்க. இன்னொண்ணு, பஸ் நிக்கிற நாள்ல எங்க வீட்டுல கருவாடு கிடையாது. அவங்க சைவம், வாசனை தாங்காதுன்னு அம்மா போட்ட சட்டம். அப்பாவுக்கு இதுல ரொம்ப வருத்தம் :-)

மழைதான் பெரிய கஷ்டம். குளிர்காலம்னு நாம சொன்னாலும் இங்க அது வாடைக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும்தான். ராத்திரி திடீர்னு கொட்டினா பஸ்சுக்கு அடியில படுத்தவங்க எல்லாம் உள்ள ஏறி உட்கார்ந்தே விடிய வைக்கணும். ஒரு தடவை எங்க வீட்டுத் திண்ணை, ஹால் எல்லாம் ஆள்தான். அம்மா போட்ட கடுங்காப்பியைக் குடிச்சுட்டு ஒரு பாட்டி முகத்தைச் சுளிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்பத்தா சொல்லும், அது கல்யாணம் ஆகி வந்த காலத்துல பஸ்சே கிடையாதாம். உண்மைதான். 1914-ல ரயில் பாலம் வந்துச்சு, ஆனா ரோட்டுப் பாலம் 1988 அக்டோபர்லதான் திறந்தாங்க. அது வரைக்கும் வடக்கே இருந்து வர்றவங்க ரயில்ல வந்து இறங்கி சத்திரத்துலயும் பண்டாக்கள் வீட்டுலயும் தங்குவாங்க. அதுக்கும் முன்னாடி நடை, மாட்டு வண்டி. அந்த ஆட்களுக்காகவே சேதுபதி மன்னர்கள் வழி நெடுக சத்திரம் கட்டினாங்க. ஒரத்தநாட்டுல இரண்டாம் சரபோஜி கட்டின முக்தாம்பாள் சத்திரமும் ராமேஸ்வரம் போற வழியில இருந்ததுதான். சோறு, தண்ணி, படுக்க இடம், இவ்வளவுதான் சத்திரம்.

இப்போ வர்றவங்க சோத்தையும் படுக்கையையும் கூடவே கொண்டு வந்துடுறாங்க. கொண்டு வர முடியாதது ரெண்டுதான், தண்ணியும் கக்கூசும்.

இதை எழுதக் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா எழுதணும். அரிசோனா வண்டியில எல்லாம் உள்ளேயே இருக்கு. இந்த பஸ்ல அம்பது பேர் இருந்தும் ஒண்ணும் கிடையாது. ஆம்பளைங்க எப்படியோ போயிடுறாங்க. பெண்கள் விடியறதுக்கு முன்னாடியே, மூணு மணிக்கு எழுந்து கூட்டமா கருவேலங்காட்டுப் பக்கம் போவாங்க. கால் வலியோட அறுபது எழுபது வயசு அம்மாக்கள், மழை பெஞ்ச சேத்துல. சிலர் சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டாங்க. ஏன்னு எனக்கு விளங்க ரொம்ப நாள் ஆகலை, நானும் பொண்ணுதானே. ஊர்க்காரங்க "அசிங்கம் பண்றாங்க"ன்னு திட்டுவாங்க. அதுவும் பொய் இல்ல. சோப்புத் தண்ணியும் எச்சில் இலையும் எங்க வாசல்ல வந்து நிக்கும்போது எனக்கும் கோபம் வரும். ஆனா வேற எங்கதான் போவாங்க?

அம்மா முதல்ல எங்க வீட்டு பாத்ரூமைத் திறந்து விட்டாங்க. ஒரே சீசன்ல தொட்டி நிரம்பிடுச்சு. அப்புறம் தோப்பு ஓரமா ரெண்டு கக்கூசும் ஒரு குளியலறையும் கட்டணும்னு பிடிவாதம். "பஸ்சுக்கு வாங்குற பார்க்கிங் காசு அத்தனையும் இதுக்கே போயிடும்"னு அப்பா. "போகட்டும்"னு அம்மா. போன வருஷம் ஐப்பசியில கட்டி முடிச்சோம். ஆளுக்குப் பத்து ரூபாய், வயசானவங்களுக்குக் காசு இல்ல. போட்ட பணம் இன்னும் திரும்பலை. ஆனா இப்போ மூணு மணிக்கு யாரும் காட்டுப் பக்கம் போறதில்ல, வாசல்ல டார்ச் லைட்டோட ஒரு வரிசை நிக்குது, அவ்வளவுதான்.

கேரளாவுல 2021-ல கேரவன் சுற்றுலாவுக்குன்னே ஒரு திட்டம் அறிவிச்சாங்க. ஏசி வண்டி, வண்டி நிறுத்தத் தனிப் பூங்கா. நல்ல விஷயம்தான். ஆனா பல வருஷமா சத்தமே இல்லாம இதே வாழ்க்கை வாழ்ந்துக்கிட்டு வர்ற ஜனங்களுக்கு ஏசி வேண்டாம். ஒரு குழாய், நாலு கக்கூஸ், ஒரு விளக்கு, கழிவுத் தண்ணி போக ஒரு வாய்க்கால் போதும். ராஜாக்கள் சத்திரம் கட்டின காசை விட இதுக்குக் கம்மியாத்தான் ஆகும்.

நடுவுல ஒருத்தர் தோப்பை லீசுக்குக் கேட்டு வந்திருக்கார், லாட்ஜ் கட்டணுமாம். அவர் சொல்ற தொகை எங்க பத்து வருஷ பார்க்கிங் காசு. என் படிப்பு, தம்பி படிப்பு எல்லாம் அதுல அடங்கிடும். அதனால வேண்டாம்னு சொல்லவும் எனக்கு வாய் வரலை, சரின்னு சொல்லவும் மனசு வரலை. லாட்ஜ் வந்தா ரூம் வாடகை இவங்களால கொடுக்க முடியாது, அது மட்டும் நிச்சயம். அப்பா இப்போதைக்கு "மாசி முடியட்டும், பார்ப்போம்"னு சொல்லி அனுப்பியிருக்கார். அம்மா ஒண்ணும் சொல்லலை. மூணாவதா ஒரு கக்கூசுக்கு எவ்வளவு ஆகும்னு கொத்தனார்கிட்ட விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க.