கல்லு ஊரில் ஒரு கச்சேரி

"எங்க ஊர் பேர்லயே 'ராக்' இருக்கு மாப்ள! திண்டு மாதிரி கல்லு... திண்டுக்கல்லு! நாங்க ராக் கேக்காம வேற யாரு கேக்குறது?"

காலேஜ் நாளில் இந்த ஒரு ஜோக்கை வைத்தே மூன்று வருஷம் ஓட்டியவன் என் நண்பன். நாகல் நகர் பக்கம் அவர்களுக்குப் பூட்டுப் பட்டறை. போன மாசம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடிவதற்குள் போய் இறங்கினேன். காப்பியைக்கூட முழுசாகக் குடிக்க விடவில்லை. "நேரா மலைக்கோட்டை. வெயில் ஏறிட்டா கல்லு சுட்டுரும்!"

1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்ட ஆரம்பித்த கோட்டை. பின்னால் ஹைதர் அலி இருந்தார், 1790-ல் வெள்ளைக்காரன் பிடித்தான். எங்கள் இருவருக்கும் அது சண்டை போடும் இடம். எதற்குச் சண்டை? கிடாருக்கு!

எண்பதுகளில் இங்கே ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், நாலு நாள் கழித்து கேஸட் ரெடி. லிஸ்ட் முழுக்க ராஜாதான். 1982-ல் 'இளைய நிலா' வந்தது. அதில் சந்திரசேகர் வாசித்த கிடாரைக் கேட்டு எங்களுக்குக் கிறுக்குப் பிடித்தது. "இதே கருவிய வெள்ளைக்காரன் என்னதான் பண்றான்?" என்று தேட ஆரம்பித்தோம். மெட்ராஸிலிருந்து வந்த காப்பிக்குக் காப்பி, அதற்கும் ஒரு காப்பி... பாட்டைவிட இரைச்சல்தான் ஜாஸ்தி!

அவன் ஸ்கார்ப்பியன்ஸ் கட்சி. 1984-ல் வந்த 'ஸ்டில் லவ்விங் யூ'தான் அவனுக்கு வேதம். "கிடார் அழணும்டா. அழலைன்னா அது கிடாரே இல்ல" என்பான். நான் அயர்ன் மெய்டன். நம்மூர் இரட்டை நாயனத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே சுரத்தில் போவார்கள். மெய்டனில் டேவ் மர்ரே 'ஸ' என்றால் ஏட்ரியன் ஸ்மித் 'க' என்பார். அப்படியே கை கோத்துக்கொண்டு ஓடுவார்கள். 2007 மார்ச் 17-ம் தேதி பெங்களூர் பேலஸ் கிரவுண்டுக்கு அவர்கள் வந்தபோது, இவனையும் பஸ்ஸில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அழ மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' என்றால் மட்டும் அடிக்க வருவான். 1971-ல் ஸ்விட்சர்லாந்தில் ஒரு காசினோ தீப்பிடித்து எரிந்ததைப் பார்த்துக் கட்டிய பாட்டு. ஆரம்பத்தில் வரும் அந்தப் பேர்போன கிடாருக்கு நாலே சுரம். "இது பாட்டா? எங்க பட்டறைச் சத்தம்டா!"

மூச்சு வாங்க உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை, நடுவில் தென்னந்தோப்பும் பூந்தோட்டமுமாகத் தரை விரிந்து கிடந்தது. இயர்போனில் ஆளுக்கு ஒரு காது. ராசி ஆகட்டுமே என்று அவனுடைய வேதத்தையே போட்டேன்.

கொஞ்ச நேரம் கேட்டான். "மாத்துடா. அந்த நாலு சுரத்தைப் போடு."

எனக்குத் தலை சுற்றியது. "பட்டறைச் சத்தம்னு சொன்ன?"

"அதான்டா இப்ப நல்லாக் கேக்குது. அழுகையெல்லாம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு."

முப்பது வருஷத்துக்கும் மேலே சுத்தியல், தகடு, அரம். டாக்டர் சொல்லிவிட்டாராம். சத்தத்தில் பழுதாகும் காதில் முதலில் அடிபடுவது நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம்தான். கிடாரின் அடிநாதம் கேட்கும். மேலே உள்ள மினுமினுப்பு கேட்காது. போனது திரும்பி வராது.

"ஒனக்கு இன்னும் அது அழுவுதா?" என்று கேட்டான்.

"அழுவுதுடா" என்றேன். முப்பது வருஷச் சண்டையில் நான் தோற்றது அன்றைக்குத்தான்.

கீழே இறங்கிப் பட்டறைக்குப் போனோம். மிஷினில் செய்த அலிகார் பூட்டு மலிவாக வந்து குவிந்ததில் இங்கே தொழில் இளைத்துவிட்டது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைக்குப் பையன்கள் கிடைக்கவில்லை. ஒரு மாங்காய்ப் பூட்டை எனக்கு அன்பளிப்பாக எடுத்து வைத்தான்.

அதற்குள் யாரோ ஆர்டர் கொடுத்த மணிப்பூட்டு முடிந்திருந்தது. சாவியைத் திருப்பினால் உள்ளே மணி அடிக்கும் ரகம். அவன் சாவியைத் திருப்பினான். பூட்டைக் காதருகே கொண்டுபோய் இன்னொரு தரம் திருப்பினான். அப்புறம் என் பக்கம் நீட்டினான்.

"மாப்ள, அடிக்குதா பாரு."

அடித்தது. சன்னமாக, சுத்தமாக.