முற்றம் தெரியாத படங்கள்

சென்ற ஐப்பசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, அம்மா கேட்டார்: “அந்த வீட்டு முத்தத்தப் படம் புடிச்சு வச்சிருப்பியே, கொஞ்சம் காட்டேன்.”

அந்த வீடு என்பது ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் வீதியில் மூன்று தலைமுறையாக நாங்கள் குடியிருந்த வீடு. 2015இல் பங்காளிகள் கூடிப் பேசி விற்றோம். மறு ஆண்டு இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது அடுக்குக் குடியிருப்பு நிற்கிறது. நாங்கள் காவிரிப் பாலத்தைக் கடந்து தில்லைநகருக்கு வந்துவிட்டோம். “நிறைய இருக்கும்மா” என்று சொல்லிக் கணினியைத் திறந்தேன். இருக்கும் என்றுதான் நம்பினேன். ஆறு ஆண்டுகளில் அந்த வீட்டுக்குள் மட்டும் 4,000 படங்களுக்கு மேல் எடுத்திருக்கிறேன்.

அம்மா அரிசி புடைக்கிறார், இமைமயிரை எண்ணிவிடலாம். பெரியப்பா நாளிதழ் படிக்கிறார். அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் கம்பிகள் விழுந்திருப்பதுகூடத் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. பச்சையாக ஒரு தீற்றல், அது துளசி மாடம். பழுப்பாக ஒரு பட்டை, அது தாழ்வாரத்துத் தேக்குத் தூண். வட்ட வட்டமாக மிதக்கும் ஒளிப்பொட்டுகள், முற்றத்தில் கவிழ்த்து வைத்த பித்தளைப் பாத்திரங்களின் மேல் பட்ட வெயில். எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன். அந்த வீட்டை அறியாதவருக்கு அவை வெறும் நிறங்கள். இரவு பதினொரு மணிவரை தேடினேன். முற்றம் அகப்படவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் லென்ஸ்களைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும். (தமிழில் ‘வில்லை’ என்று எழுதலாம். ஆனால் வில்லை என்றதும் எனக்கு மாத்திரையும், பழைய கச்சேரிச் சேவகர்களின் மார்பில் தொங்கிய பித்தளை வில்லையுமே நினைவுக்கு வருகின்றன. லென்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

2009இல் நிகான் டி90 வாங்கினேன். அதனோடு 18-105 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றும் வந்தது. கேமரா வாங்கியவன் முதலில் கற்றுக்கொள்வது ஒளியைப் பற்றியன்று, இளக்காரத்தை. உடன் வரும் லென்ஸ் கற்றுக்குட்டிகளுக்கானது என்று பழகியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அதைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்கு மாறினேன். விலை குறைவு, கூர்மை அதிகம், மங்கிய வெளிச்சத்திலும் வேலை செய்யும். எஃப் 1.8இல் திறந்தால் முகம் மட்டும் தெளிந்து, பின்னாலிருப்பது அத்தனையும் கரைந்துபோகும். அந்தக் கரைவுக்கு ஜப்பானியர்கள் ‘பொக்கே’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அதில் மயங்கிக் கிடந்தேன்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பழைய 35 மி.மீ. பிலிமின் ஒரு சட்டகம் 36×24 மி.மீ. அதே அளவு உணரி உள்ள கேமராவைத்தான் ஃபுல் ஃப்ரேம் என்கிறோம். டி90இன் உணரி அதைவிடச் சிறியது, ஏறத்தாழ 24×16. லென்ஸ் வீசுகிற பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது, ஓரங்கள் வெளியே போய்விடுகின்றன. ஆகவே 50 மி.மீ. லென்ஸ் அதில் 75 மி.மீ. லென்ஸைப் போல நடந்துகொள்ளும். எங்கள் கூடத்தில் அதை வைத்துக்கொண்டு முற்றம் முழுவதையும் எடுக்க வேண்டுமென்றால், சுவரை இடித்துக்கொண்டு அடுத்த வீட்டில் போய் நிற்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு தடவை முயன்றிருப்பேன். பிறகு முயலவில்லை என்பதையே கவனிக்கவில்லை. அந்த லென்ஸ் எங்கே நிற்கச் சொன்னதோ அங்கே நின்றேன்.

ஃபுல் ஃப்ரேமுக்கு மாறியது 2017இல். நிகான் டி750 (2014இல் வெளிவந்த மாதிரி, 24 மெகாபிக்ஸல்), ஒருவர் பயன்படுத்தியது. சேமிப்பில் பாதியையும் மனைவியின் பொறுமையில் பாதியையும் செலவழித்து வாங்கினேன். முதல் நாள் விடியற்காலையில் ராஜகோபுரத்துக்குத் தெற்கே போய் நின்றேன். 13 நிலை, 236 அடி. பழைய கேமராவில் இதே 50 மி.மீ. லென்ஸோடு அதை உச்சி முதல் அடிவரை நெடுவாக்கில் அடக்க ஏறத்தாழ 145 மீட்டர் பின்னால் போக வேண்டியிருந்தது. அதற்குள் குறுக்கே பேருந்து, ஆட்டோ, மின்கம்பி என்று எல்லாமே வந்துவிடும். இப்போது 90 மீட்டருக்குள்ளேயே கோபுரம் முழுவதும் அடங்கியது. லென்ஸ் அதேதான். இத்தனை காலமும் அது இவ்வளவையும் உள்ளே வீசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் ஓரங்களைக் கீழே சிந்திக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு லென்ஸ் சேர்க்கும் நோய் பிடித்தது. நிகானின் எஃப் மவுண்ட் 1959இலிருந்து வருவது. 1980களின் லென்ஸை 2014இன் கேமராவில் மாட்டலாம். சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய கல்யாண ஸ்டூடியோக்களின் அலமாரிகளில், பிலிம் காலத்து லென்ஸ்கள் தூசி படிந்து கிடந்தன. 28 மி.மீ. ஒன்று கையால் திருகிக் குவிக்கும் வகை, இரும்புக் குண்டுபோல் கனம். அடுத்து 85. அதன் பிறகு 28க்கும் 50க்கும் நடுவே இடைவெளி இருப்பது ஏதோ குடும்ப அவமானம் போலத் தோன்றியதால் 35. தேவை என்பது முதல் லென்ஸோடு முடிந்துவிடுகிறது; மற்றவற்றை வாங்குவது இடைவெளிகளைப் பொறுக்க முடியாமல்தான்.

85இல் ஏமாந்தேன். விற்றவர் பகல் வெளிச்சத்தில் காட்டினார், பளிச்சென்று இருந்தது. வீட்டில் டார்ச்சைப் பின்புறம் பிடித்துப் பார்த்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சைக் கொடிகள். இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள தீவிலும் அதன் அக்கரையிலும் வாழ்பவன் லென்ஸ் சேர்ப்பது பூஞ்சைக்குப் பாத்திகட்டுவது போலத்தான். தோல் உறையில் வைப்பது இன்னும் மோசம், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா மணிகளைத் துணியில் முடிந்து போட்டு வைத்திருக்கிறேன். நீல மணிகள் ஈரம் ஏறி இளஞ்சிவப்பானால் வாணலியில் வறுத்து மறுபடி நீலமாக்க வேண்டும். அதற்கென்று தனி வாணலி. ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு முறை வறுக்கிறேன். “எங்க காலத்துல வடகத்தத்தான் இப்படிப் பாத்துப்போம்” என்பார் அம்மா.

இந்த லென்ஸ்களோடு ஸ்ரீரங்கம் முழுவதையும் எடுத்தேன். சேஷராயர் மண்டபத்துப் பாயும் குதிரைகள், வெள்ளைக் கோபுரம், அம்மா மண்டபத்துப் படித்துறை, தைத்தேர் ஓடும் உத்தர வீதிகள். அப்போது எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் லின்னேயஸ் டிரைப். மதராஸ் ராஜதானி அரசின் புகைப்படக்காரராக 1858இல் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்தவர். மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தார். அவருடைய நெகடிவ் மெழுகேற்றிய காகிதம், ஏறக்குறைய 15 அங்குல நீளம். அதோடு ஒப்பிட்டால் என் ஃபுல் ஃப்ரேம் ஒரு பெரிய தபால்தலை. அவர் வந்த காலத்தில் தெற்கு ராஜகோபுரம் இல்லை. மொட்டைக் கோபுரமாகத்தான் இருந்தது, 1987இல்தான் முழுமை பெற்றது. டிரைப்பின் படங்களில் கல் இருக்கிறது, நிழல் இருக்கிறது, ஆட்கள் அநேகமாக இல்லை. காகித நெகடிவ் நெடுநேரம் ஒளி வாங்க வேண்டும்; நடமாடுபவர்கள் அதில் பதியாமலே கடந்துபோய்விடுவார்கள். இடம் அவ்வளவும் அவரிடம், மனிதர்கள் என்னிடம் என்று அந்த இரவு நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் ஆண்டுதோறும் அகத்திணையியல் நடத்துகிறேன். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்துத் தெய்வம், உணவு, மரம், பறை. உரிப்பொருள் மனிதரின் ஒழுக்கம். பாட்டுக்குள் வரும்போது மூன்றில் ஒன்றைவிட மற்றது சிறந்தது, உரிப்பொருளே தலையாயது என்று தொல்காப்பியர் சொல்வதை அழுத்தியும் சொல்வேன். அந்த நினைப்பில்தான் முகமே போதும் என்று இருந்துவிட்டேனோ என்னவோ. ஆனால் தலையானது என்பதற்காக எந்தப் புலவனும் நிலத்தை அழித்துவிட்டுப் பாடவில்லை. அகப்பாட்டில் தலைவிக்குப் பெயர்கூடக் கிடையாது. அவள் வீட்டுப் பின்புறத்து மரம் இருக்கும். என் படங்களில் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது, மரம் இல்லை.

ஒரு வாரம் கழித்து, பழைய தாள்களை ஒழிக்கும்போது ஒரு டிவிடி கிடைத்தது. மேலே ‘சோதனை - 2009’ என்று என் கையெழுத்து. முதல் சில மாதத்துப் படங்களைத் தேறாதவை என்று அதில் எழுதிவைத்துக் கணினியிலிருந்து நீக்கியிருக்கிறேன். வாசிக்குமா என்று பயந்துகொண்டே போட்டேன். வாசித்தது. 11 படங்கள் வீட்டுக்குள் எடுத்தவை. எல்லாமே அந்த 18-105இல், 18இல் வைத்து எடுத்தவை. டி90இல் 18 என்பது ஃபுல் ஃப்ரேமில் 27. இத்தனை செலவு செய்து அலைந்து வாங்கிய 28 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அதே அகலம். விற்றுத் தொலைத்த லென்ஸுக்குள் அது முதலிலேயே இருந்திருக்கிறது.

படங்கள் நன்றாக இல்லை. தூண்கள் ஓரத்தில் பீப்பாய்போல வளைந்திருக்கின்றன. வானம் வெளுத்து எரிந்துவிட்டது. ஆனால் முற்றம் நான்கு பக்கமும் தெரிகிறது. ஓட்டுச் சரிவு, மழைநீர் விழும் தகரத் தூம்பு, கொடியில் பெரியப்பாவின் வேட்டி, ரேழிக் கதவின் பாதி. ஒரு படத்தில் அம்மா தாழ்வாரத்தில் சின்னதாக, முகம் சரியாகத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

மடிக்கணினியை அவர் மடிமேல் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தச் சொன்னார். தன்னைப் பார்க்கவே இல்லை. ஏழாவது படத்தில் விரலைத் திரையின் ஓரத்தில் வைத்து, “இந்த உரல யாருகிட்டடா குடுத்தே?” என்றார்.

எனக்கு நினைவில்லை. வீட்டைக் காலி செய்த நாளில் யாரோ தூக்கிப் போயிருப்பார்கள். படத்தில் அது தூணை ஒட்டி, கொஞ்சம் வளைந்து, குழவியோடு இருக்கிறது.