தீப்பெட்டி இன்னும் பையிலதான்

இன்னியோட 11 நாள். சிகரெட்டைத் தொடல.

காலைல திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டு டீக்கடை.
பக்கத்துல ஒரு பெரியவர், காதுல பீடி.
"தம்பி, நெருப்பு இருக்கா?"

யோசிக்கவே இல்ல. கை தானா சட்டைப்பைக்குப் போய் தீப்பெட்டியோட வந்துச்சு!
பத்தவும் வச்சு விட்டேன். காத்துக்குக் கையை மறைச்சு, ஒரே குச்சியில. இருபது வருஷ அனுபவம்ல.

புகை என் பக்கமா வந்துச்சு.
நகர்ந்திருக்கலாம். நகரல.

தலைக்கு மேல 'இங்கு புகை பிடிக்கக் கூடாது' போர்டு.
2008 அக்டோபர் 2-லேர்ந்து சட்டம். பொது இடத்துல ஊதினா 200 ரூபா வரைக்கும் அபராதம்.
அந்த போர்டுக்குக் கீழ நான் ஊதினதுக்கெல்லாம் ஒழுங்கா வசூல் பண்ணிருந்தா, குடமுருட்டி ஆத்துக்கு இன்னொரு பாலமே கட்டிருக்கலாம்.

ஊரும் அப்படி வாய்ச்சிருக்கு. சாமி பேரே தீயாடியப்பர். அக்னியே வந்து தன் பழி தீரக் கும்பிட்ட இடம்னு தலபுராணம்.
அக்னிக்கே விமோசனம் கிடைச்சுது, எனக்குக் கிடைக்காதா?

வீட்டுல சொன்னேன். "முதல்ல அந்தத் தீப்பெட்டியைத் தூக்கிப் போடுங்க"ன்னா.
விளக்கேத்த ஆகும்னு சமாளிச்சு வச்சிருக்கேன்.

சரி, ஓசிப் புகை கணக்குல வருமா மக்களே?
11 தானா, இல்ல மறுபடி 1-லேர்ந்தா?