மாடர்ன்

சிங்கவரத்தில் நம் இல்லத்திற்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம், மணத்திற்குப் பின்னும் வேலைக்குச் செல்லலாமா என்று நம் மகள் கேட்டாள். "பெண் கொஞ்சம் மாடர்ன்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டனர். வேறு காரணம் கூறவில்லை. ஆனால், அரிசி ஆலைப் பலகையில் 'மாடர்ன்' என்றிருந்தால் அது பெருமையாம்! ஆலைக்குப் புகழ்ச்சியானது மகளுக்கு இகழ்ச்சியானது எங்ஙனம்?

அச்சொல்லின் வேரைத் தேடினோம். 'மோதோ' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'இப்பொழுதுதான்' என்பது பொருள். அதிலிருந்து பிறந்தது 'மொதேர்னுஸ்'. அதனை முதன்முதல் எழுத்தில் வழங்கியோருள் ஒருவர் பாப்பரசர் முதலாம் ஜெலாசியுஸ், காலம் கி.பி. 494-95. முன்னோர் வகுத்த விதிகளினின்று அண்மைக்கால விதிகளைப் பிரித்துக் காட்டவே அவர் அதனைக் கையாண்டார். காலத்தைக் குறித்த சொல், நடத்தையைக் குறித்ததன்று.

நம் ஊர்க் குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த அரங்கநாதர் குகைக்கோயில், இன்று பழமைக்குச் சான்று. ஆயினும் இதே வட்டாரத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்லிலே பொறித்து மகிழ்ந்தான். ஏழாம் நூற்றாண்டில் அதுவே புதுமை. செங்கல் இல்லாமலும் ஒரு கோயிலா என்று அன்றும் சிலர் முகம் சுளித்திருப்பர் போலும்!

இவற்றை மகளிடம் கூறினோம். சிரித்தாள்.

"அப்பா, மாப்பிள்ளைக்கு அவர்கள் கேட்ட மோட்டார் சைக்கிள் எந்த வருடத்து மாடல்?" என்றாள்.

இவ்வாண்டு மாடல்தான்.