வெட்சி

பண்டைத் தமிழகத்தில் பகைவரின் ஆநிரையைக் கவரச் சென்ற வீரர் செந்நிறப் பூ ஒன்றைச் சூடினர். அப்பூவின் பெயரே அச்செயலுக்கும் பெயராயிற்று. தொல்காப்பியம் அதனை வெட்சித்திணை என்று கூறும். முருகனுக்கு உகந்த மலரும் அதுவே. அவ்வெட்சியையே இன்று மக்கள் இட்லிப்பூ என்று வழங்குகின்றனர்.

வெட்சி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் புதர்ச்செடி. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. லின்னேயஸ் என்னும் அறிஞர் 1753-ஆம் ஆண்டில் இதற்கு 'இக்சோரா காக்சீனியா' என்னும் அறிவியற் பெயரைச் சூட்டினார். சிறு பூக்கள் பல ஒன்றுகூடிக் கொத்தாக மலரும். ஒவ்வொரு பூவிற்கும் இதழ்கள் நான்கு. மெல்லிய நீண்ட குழலின் அடியில் தேன் இருக்கும். நீண்ட உறிஞ்சு குழலையுடைய வண்ணத்துப்பூச்சிகள் அத்தேனை நாடி வரும்.

வெட்சியை வளர்த்தல் எளிது. பாதி முற்றிய கிளையில் ஒரு சாண் நீளத் துண்டை நறுக்கி, மழைக்காலத்தில் ஈரமணலில் நட்டு நிழலில் வைத்தால், சில வாரங்களில் வேர் விடும். பின்னர் வெயில் படும் இடத்தில் நடுதல் வேண்டும். புதிய தளிர்களின் நுனியிலேயே பூ தோன்றுவதால், பூத்து ஓய்ந்த கொத்துகளை நறுக்கிவிடுவது நன்று.

எனினும், புதுவீட்டுச் சுவரோரம் நட்ட செடியின் இலைகள் சில வேளைகளில் மஞ்சளாகிவிடும். நரம்புகள் மட்டும் பசுமையாக இருக்கும். வீட்டார் நீர் குறைவென்று எண்ணி மேலும் மேலும் ஊற்றுவர். செடியோ தேறாது. காரணம் என்ன? வெட்சி சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணைக் காரமாக்கிவிடும். அம்மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் கரைவதில்லை. ஆதலின் வேர் அதனை உறிஞ்ச இயலாது. நிறைந்த களஞ்சியத்தின் வாயிலில் செடி பசித்து நிற்கின்றது!

இதற்கு மருந்து உண்டு. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலைகளின்மேல் தெளித்தால் பசுமை திரும்பும். ஆயினும் அது தற்காலிக உதவியே. செடியைச் சுவரிலிருந்து சற்று விலக்கி, செம்மண்ணும் மக்கிய இலையுரமும் கலந்த குழியில் நடுவதே நிலையான வழியாகும்.

வாடிய இலையைக் கண்டதும் நீர் ஊற்றுவோர் பலர். வேர் நிற்கும் மண்ணை ஆராய்வோர் சிலரே. அச்சிலருடைய முற்றத்தில்தான் வெட்சி செழித்துப் பூக்கும்.